ராத்திரிச் சாப்பாடே ஒரு கிண்ணம் காய்கறி சூப்

சூப் என்றால் நமக்கு இரண்டே நினைவுதான். ஒன்று, கல்யாண ரிசப்ஷனில் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னக் கப்பில் நீட்டுவது. இன்னொன்று, காய்ச்சலில் படுத்திருக்கும்போது கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பது. இரண்டிலுமே வயிறு நிறையாது. குடித்து முடித்த கையோடு இட்லியோ சாதமோ தேடுவோம்.

இங்கே சொல்லப்போகும் சூப் வேறு. இதுவே ராத்திரிச் சாப்பாடு. கூட இரண்டு துண்டு டோஸ்ட் இருந்தால் போதும். இதுவரை அடுப்புப் பக்கமே போகாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அதனால் சமைத்துப் பழகியவர்களுக்குச் சில இடங்களில் “இது கூடவா தெரியாது” என்று தோன்றலாம்.

நான் முதன்முதலில் வைத்த சூப்பை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னடி இது, காய் வேகவைச்ச தண்ணியை அப்படியே கிண்ணத்துல ஊத்திக் குடுத்திருக்க?” என்றாள். உண்மைதான். எல்லாக் காயையும் நறுக்கி, குக்கரில் போட்டு, மூன்று விசில் விட்டு, மிளகுத்தூள் தூவியிருந்தேன். கேரட் குழைந்துவிட்டது, கோஸ் வாடை அடித்தது, தண்ணீர் தனியாக நின்றது. மறுவாரம் ஓட்டல் பாணியில் சோளமாவு கரைத்து ஊற்றினேன். கெட்டியானது, ஆனால் பசை போல இருந்தது. ருசி கூடவில்லை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. சூப்புக்குக் கெட்டித்தன்மை மாவிலிருந்து வரக்கூடாது, உள்ளே இருக்கிற பருப்பிலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் வர வேண்டும். நம் வீட்டு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ, அப்படி. காய்களையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் வரிசையாகப் போட வேண்டும். இந்த இரண்டும் பிடிபட்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம்.

தேவையானவை (நான்கு பேருக்கு)

டம்ளர் என்று நான் சொல்வது 200 மில்லி பிடிக்கும் டம்ளர்.

பாசிப்பருப்பு – கால் டம்ளர்
கேரட் – 2
பீன்ஸ் – 10
உருளைக்கிழங்கு – நடுத்தர அளவில் 1
கோஸ் – நறுக்கியது ஒரு கைப்பிடி
காலிஃப்ளவர் – ஐந்தாறு பூ
பச்சைப் பட்டாணி – ஒரு கைப்பிடி
தக்காளி – நன்றாகப் பழுத்தது 2
சின்ன வெங்காயம் – 12
பூண்டு – 5 பல்
இஞ்சி – சிறு துண்டு
வெண்ணெய் – ஒரு மேசைக்கரண்டி
மிளகு – ஒரு தேக்கரண்டி, சீரகம் – அரைத் தேக்கரண்டி
பிரிஞ்சி இலை 1, பட்டை விரல் நகம் அளவு
மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய் கொஞ்சம், கொத்தமல்லி, அரை மூடி எலுமிச்சை

பட்டியலில் உள்ள காய்களில் பாதிக்கு மேல் காய்கறிக் கடைக்காரர்கள் இன்னும் ‘இங்கிலீஷ் காய்’ என்று சொல்பவை. அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1820களில் கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் குடியேறி, ஐரோப்பியக் காய்களை அங்கே பயிரிட்டுப் பார்த்தார். இன்று ஊட்டிக் கேரட் நம் ஊர்க் காயாகவே ஆகிவிட்டது. கிடைத்தால் அந்த ஊட்டிக் கேரட்டையே வாங்குங்கள். சூப்பில் அதன் இனிப்பு தெரியும்.

பருப்பும் காய்த் தண்ணீரும்

இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்யட்டும்.

ஒன்றில் குக்கர். பாசிப்பருப்பை வாணலியில் எண்ணெய் இல்லாமல் வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெய் சேர்த்து நான்கு விசில் விடுங்கள். எண்ணெய் எதற்கு என்றால், பருப்பு நுரைத்து விசில் வழியாகப் பொங்கி அடுப்பை நாசம் செய்யாமல் இருப்பதற்கு. ஆவி அடங்கியதும் திறந்து மத்தால் கடைந்து வையுங்கள்.

இன்னொன்றில் காய்த் தண்ணீர். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் சூப்பின் உயிர். காய்களை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நறுக்கும்போது குப்பைக்குப் போகும் கேரட் தோல், பீன்ஸ் நுனி, காலிஃப்ளவர் தண்டு, கொத்தமல்லித் தண்டு, சின்ன வெங்காயத்தின் காய்ந்த தோல் கொஞ்சம் – இவற்றையெல்லாம் ஒரு பாத்திரத்தில் போட்டு ஆறு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பிரிஞ்சி இலையையும் பட்டையையும் இதிலேயே போட்டுவிடலாம். முந்தின நாள் முருங்கைக்காய் நறுக்கியபோது ஒதுக்கிய முனைகள் இருந்தால் அவையும் சேரட்டும். மண் வாடை அடிக்கும் தோல், அழுகல் பட்ட பகுதி, பீட்ரூட், கோஸின் வெளி இலை, இவை வேண்டாம். பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். கோஸ் இலை நெடுநேரம் கொதித்தால் ஒரு கந்தக வாடை கிளம்பும். முதல் நாள் அம்மா மூக்கைச் சுளித்தது அந்த வாடைக்குத்தான்.

தண்ணீர் கொதித்ததும் தக்காளிகளின் அடிப்பக்கம் கத்தியால் கூட்டல் குறி போலக் கீறி உள்ளே போடுங்கள். மூன்று நிமிடத்தில் தோல் சுருண்டுகொள்ளும். கரண்டியால் எடுத்து, ஆறியதும் தோலை உரித்து, கையாலேயே பிசைந்து தனியாக வையுங்கள். காய்த் தண்ணீர் இன்னும் இருபது நிமிடம் சிறு தீயில் கொதிக்கட்டும். அப்புறம் வடிகட்டினால் ஐந்து டம்ளர் போலத் தேறும். நிறம் வெளிர் டீ மாதிரி இருக்கும். ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பாருங்கள். உப்பே போடாமல் அதற்கு ஒரு ருசி வந்திருக்கும்.

நறுக்குவது

பட்டாணி அளவைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, எல்லாக் காயும் ஏறக்குறைய ஒரே அளவில். கரண்டியில் மூன்று நான்கு காய் சேர்ந்து வர வேண்டும், அதுதான் கணக்கு. உருளைக்கிழங்கை நறுக்கியதும் தண்ணீரில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். காலிஃப்ளவரை மஞ்சள்தூளும் உப்பும் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் பூவுக்குள் ஒளிந்திருக்கும் புழு வெளியே வந்துவிடும்.

வதக்குவது

அடி கனமான பாத்திரம், குறைந்தது மூன்று லிட்டர் பிடிப்பது. தீ குறைவாக இருக்கட்டும், வெண்ணெய் கருகினால் கசப்பு கடைசிவரை போகாது. வெண்ணெய் உருகியதும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தைப் போட்டு ஒரு சிட்டிகை உப்பு. அவசரப்படாமல் ஐந்து நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போலாகி, ஓரம் லேசாகப் பொன்னிறம் காட்ட வேண்டும். நிறம் மாறமாற ருசி ஏறும். ஆனால் பிரியாணிக்கு வறுப்பது போல ஆழ்ந்த பழுப்புக்குப் போக வேண்டாம், சூப் கறுத்துவிடும்.

தட்டிய பூண்டும் இஞ்சியும் அடுத்து. அரை நிமிடம் போதும்.

இப்போது கேரட், பீன்ஸ். இரண்டும் வேக நேரம் எடுப்பவை. வெண்ணெயில் புரட்டி, மூடி போட்டு, தண்ணீர் ஊற்றாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். காய் தன் தண்ணீரிலேயே வியர்த்து வேகும். வெண்ணெய் லேசாக ஆரஞ்சு நிறமாவதைப் பார்க்கலாம். கேரட்டின் நிறச்சத்து கொழுப்பில்தான் கரையும், அதனால் இப்படி வெண்ணெயில் வதக்கினால் அது உடம்பில் நன்றாகச் சேரும்.

கொதிக்க வைப்பது

உருளைக்கிழங்கைப் போட்டு, வடித்த காய்த் தண்ணீரைச் சூடாகவே ஊற்றுங்கள். ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து எட்டுப் பத்து நிமிடம். உருளைக்கிழங்கை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அந்தப் பதம் வரும்வரை தக்காளியைத் தொடாதீர்கள். சாம்பாரில் புளி ஊற்றிய பிறகு போட்ட காய் எவ்வளவு கொதித்தாலும் வேகாமல் விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தக்காளியின் புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும். “நான் செய்தால் மட்டும் உருளைக்கிழங்கு வேகவே மாட்டேன் என்கிறது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தக்காளியை முதலிலேயே வதக்கியவர்கள்.

உருளைக்கிழங்கு வெந்ததா? சரி, கோஸ், காலிஃப்ளவர், பட்டாணி. மூடியைத் திறந்தே வைத்து ஐந்து நிமிடம். திறந்து வைத்தால் பச்சைக் காய்கள் பச்சையாகவே இருக்கும், கோஸ் வாடையும் ஆவியோடு போய்விடும். காய்ந்த பட்டாணி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதை ராத்திரியே ஊறவைத்து, பருப்போடு குக்கரில் தனிக் கிண்ணத்தில் வைத்து வேகவைக்க வேண்டும்.

பிசைந்த தக்காளியும் கடைந்த பருப்பும் இப்போது உள்ளே போகட்டும். நன்றாகக் கலக்கி இன்னும் ஐந்து நிமிடம். பருப்பு சேர்ந்ததும் அடிபிடிக்கும் ஆபத்து உண்டு, அடுப்பை விட்டு நகர வேண்டாம்.

கெட்டிப் பதம்

இரண்டு பெரிய கரண்டி காயை, உருளைக்கிழங்கு நிறைய வருவது போல அள்ளி, ஒரு கிண்ணத்தில் போட்டு மத்தால் மசித்துத் திரும்பச் சூப்பிலேயே கலந்துவிடுங்கள். அவ்வளவுதான், சோளமாவு வேண்டாம். கரண்டியை எடுத்துச் சாய்த்தால் சூப் தண்ணீர் போல ஓடாமல், கரண்டியின் முதுகில் மெல்லிய படலம் தங்க வேண்டும்.

மிக்ஸியில் அடிக்கலாமே என்று தோன்றும். சூடாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஒருமுறை அவசரத்தில் கொதிக்கும் சூப்பை ஜார் நிறைய ஊற்றி மூடிப் பட்டனைத் தட்டினேன். உள்ளே அடைபட்ட ஆவி மூடியைத் தூக்கியடித்தது. சுவர் டைல்ஸ், காலண்டர், என் முழங்கை எல்லாம் சூப். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. மத்துக்கு அந்தக் குணம் கிடையாது.

மிளகு, உப்பு, எலுமிச்சை

மிளகையும் சீரகத்தையும் இடிகல்லில் கொரகொரப்பாகத் தட்டி, அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன் போடுங்கள். கடையில் வாங்கிய மிளகுத்தூளுக்கு இந்த வாசம் வராது. முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் காரம் மட்டும் நிற்கும், வாசம் காற்றோடு போய்விடும். சும்மா ஒரு செய்தி: ஆங்கிலேயர் கொண்டாடும் ‘மல்லிகடானி’ சூப்பின் பெயரே நம் மிளகுத்தண்ணீர்தான். பேர் மட்டும் போய் எங்கெங்கோ சுற்றி, கறி, பழம், கிரீம் எல்லாம் சேர்த்துக்கொண்டது.

உப்பைக் கொதிக்கும் சூப்பிலிருந்து நேராக நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். சூட்டில் நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியாது. ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஆறவைத்து ருசி பாருங்கள். குறைந்தால் கால் தேக்கரண்டியாகச் சேர்க்கலாம். கூடிவிட்டால் பச்சை உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். அது உறிஞ்சுவது உப்புத் தண்ணீரைத்தான். மீதிச் சூப்பின் கரிப்பு அப்படியே இருக்கும். ஒரு டம்ளர் வெந்நீரும் கொஞ்சம் மசித்த பருப்போ வெறும் சாதமோ சேர்ப்பதுதான் வழி.

அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்து கொத்தமல்லி தூவுங்கள். எலுமிச்சை கொதித்தால் கசக்கும்.

வேறு காய் போடலாமா?

தாராளமாக. மஞ்சள் பூசணி, சௌசௌ, நூக்கல், சுரைக்காய் எல்லாம் பொருந்தும். பூசணியும் சுரைக்காயும் சீக்கிரம் வேகும், கோஸோடு போடுங்கள். நூக்கலைக் கேரட்டோடு. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கடைசி மூன்று நிமிடத்தில் போட்டால் எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் உசத்தி. வெண்டைக்காய் கொழகொழவென்று ஆக்கிவிடும். பாகற்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கத்தரிக்காய் போட்டால் நிறம் மங்கி அழுக்குத் தண்ணீர் போலத் தெரியும்.

இன்னும் வயிறு நிறைய வேண்டுமா, பருப்பு வேகும்போதே ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது நல்ல ஏற்பாடு. பல் வராத குழந்தைக்கு என்றால் அன்றைக்கு உப்பே போடாமல் வேகவைத்து, மிளகு போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து மசித்துவிடுங்கள். மீதிக்கு உப்பைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

மீந்தால்

பருப்பு சேர்ந்த பண்டம், நம் ஊர் வெயிலில் வெளியே கிடந்தால் சீக்கிரம் ஊசிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், இரண்டு நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைத்தால் உருளைக்கிழங்கு மணல் மணலாகிவிடும், அதனால் நான் வைப்பதில்லை.

மறுநாள் எடுத்தால் கூட்டு போல இறுகியிருக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்தால் மறுபடி சூப். எங்கள் வீட்டில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு மேசைக்கரண்டி தேங்காயும் ஒரு பச்சை மிளகாயும் அரைத்துக் கலந்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. முதல் நாள் சூப்பைத் தண்ணீர் என்று சொன்ன அம்மா, இதற்காகவே இப்போது ஒரு டம்ளர் கூடுதலாக வைக்கச் சொல்கிறாள்.