கார்பன் டை ஆக்சைடு கலவையின் குமிழ்ப்புள்ளியை அளக்கும் முறை

கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பம் (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) 31 டிகிரி, அழுத்தம் 73.8 பார். சித்திரை வெயிலில் ஈரோட்டிலும் கரூரிலும் காற்றே 40 டிகிரியைத் தொடும். அந்தக் காற்றை வைத்து இந்த வாயுவைத் திரவமாக்க முடியாது. ஹெக்சாபுளோரோபென்சீன் என்ற திரவத்தைக் கொஞ்சம் கலந்தால் மாறுநிலை வெப்பம் ஏறும். அப்போது 50 டிகிரியிலும் திரவமாக்கிப் பம்பால் அழுத்தலாம். எத்தனை பாரில் கலவை முழுதும் திரவமாகிறது என்பதை (அதுதான் குமிழ்ப்புள்ளி; அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் முதல் குமிழ் தோன்றும்) அளந்தால்தான், வாயு சூடாகி டர்பைனைச் சுழற்றி, குளிர்ந்து மறுபடி பம்புக்கு வரும் மின்னுற்பத்திச் சுழற்சியை வடிவமைக்க முடியும்.

பிஸ்டன், சபையர் கண்ணாடி, காந்தக் கலக்கி கொண்ட 100 மி.லி. கலம் போதும். 316 ஸ்டீலில் கோவைப் பட்டறைகளிலேயே கடைந்து வாங்கலாம். கண்ணாடி உட்காரும் இடம் சமதளமாக இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 200 பாருக்கு வடிவமைத்து, 300 பாரில் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். நைட்ரைல் ஓ-ரிங் வேண்டாம்: ரப்பருக்குள் ஊறிய வாயு, அழுத்தம் இறங்கும்போது விரிந்து ரிங்கைக் கிழித்துவிடும். டெஃப்லான் சீல் போடுங்கள்.

முதலில் தூய வாயுவை மட்டும் ஏற்றுங்கள். திரவமட்டம் தெரியும்போது 20 டிகிரியில் 57.3 பார் காட்ட வேண்டும். பிஸ்டனைத் தள்ளத் தள்ள அழுத்தம் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. 0.1 டிகிரி பிசகினாலே 0.14 பார் மாறும் என்பதால் வெப்பமானியையும் சரிபாருங்கள்.

பெரும்பாலான பிழை கலவை விகிதத்தில்தான் வருகிறது. 10 மோல் சதவீதத்துக்கு (நூறு மூலக்கூறில் பத்து) ஹெக்சாபுளோரோபென்சீன் 18.6 கிராம், கார்பன் டை ஆக்சைடு 39.6 கிராம். முன்னதைத் திரவ நைட்ரஜனில் (கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக் குப்பிகளை வைத்திருக்கும் அதே நைட்ரஜன்) உறையவைத்து, வெற்றிடமாக்கி, உருகவிடுங்கள். மூன்று முறை செய்தால் கரைந்திருக்கும் காற்று போய்விடும். கார்பன் டை ஆக்சைடைச் சிறு ஸ்டீல் குப்பியில் அடைத்து, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். 2 மி.லி. இணைப்புக் குழாயில் 20 டிகிரியில் வாயுவாகத் தங்கினால் 0.4 கிராம், திரவமாகத் தங்கினால் 1.5 கிராம் கணக்கில் தவறும். குழாயின் கொள்ளளவை முன்பே அளந்து அதைக் கழித்துவிடுங்கள். அழுத்தமானிக் குழாயைக் கலத்தைவிட 2 டிகிரி சூடாக வையுங்கள். குளிர்ந்தால் ஹெக்சாபுளோரோபென்சீன் அங்கே போய்த் தேங்கும்.

கலக்கியை ஓட்டியபடி, ஒரே திரவமாகும் வரை அழுத்துங்கள். பிறகு பிஸ்டனை மெல்லப் பின்னிழுத்து, முதல் குமிழ் தோன்றும் அழுத்தத்தைக் குறியுங்கள். கலக்காமல் இழுத்தால் குமிழ் தாமதமாக வந்து அழுத்தம் குறைவாகப் பதிவாகும். திரும்பத் திரும்ப எடுத்த மூன்று அளவுகள் 0.2 பாருக்குள் ஒத்துப்போகட்டும். குமிழுக்குப் பதிலாகப் பனிபோல் துளிகள் வந்தால் அது பனிப்புள்ளி (வாயுவிலிருந்து முதல் திரவத்துளி பிரியும் அழுத்தம்), தனியாக எழுதுங்கள். சபையர் கண்ணாடி முழுதும் பழுப்பாக மங்கினால் மாறுநிலையை நெருங்கிவிட்டீர்கள். கலத்தைக் காலி செய்யும்போது வாயுவைக் கூடத்துக்கு வெளியே விடுங்கள். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும்.