நோட்டரி ஆக விண்ணப்பிக்கும் வக்கீல்கள் சறுக்கும் இடங்கள்

‘நோட்டரி ஆவது எப்படி’ என்று தேடினால் வந்து விழுவதில் பாதி அமெரிக்கக் கதை. கலிபோர்னியாவில் 18 வயது நிரம்பி, ஆறு மணி நேர வகுப்பு முடித்து, தேர்விலும் போலீஸ் சரிபார்ப்பிலும் தேறினால் போதும். அதைப் படித்துவிட்டு, சட்டக் கல்லூரி வாசலையே மிதிக்காத தம்பி ஒருவர், “எந்த வகுப்பில் சேரலாம் சார்?” என்று என்னிடம் கேட்டார். இங்கே 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டமும் 1956ஆம் ஆண்டு விதிகளும்தான் பேசும். சட்டப் பணி பார்த்த அரசு அலுவலர்களுக்கும் வழி உண்டு என்றாலும், வருகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல்களே.

வக்கீல்களும் ஆண்டுக் கணக்கில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். பத்து ஆண்டு பிராக்டிஸ் வேண்டும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் ஏழு. பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. பார் கவுன்சிலில் பதிவு செய்து, கோர்ட்டுக்குப் போன காலம்தான் கணக்கு. நடுவில் அந்தப் பதிவை நிறுத்திவைத்துவிட்டு கம்பெனி வேலைக்குப் போயிருந்தால் அந்த ஆண்டுகளைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம், யாரிடம் விண்ணப்பிப்பது? மாநில அரசும் நியமிக்கும், மத்திய அரசும் நியமிக்கும். இரண்டும் தனித்தனி வாசல். ஒன்றில் போட்ட மனு மற்றதற்குப் போய்ச் சேராது.

மனுவில் நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. மாஜிஸ்திரேட், தேசியமயமாக்கப்பட்ட வங்கி மேனேஜர், வணிகர், தொழில் செய்யப்போகும் ஊரின் முக்கியஸ்தர் இருவர் என ஐந்து மேலொப்பம் வேண்டும். ‘அந்த ஊரின்’ என்பதைக் கவனியுங்கள். செங்கல்பட்டில் தொழில் செய்யப்போகிறவர் சொந்த ஊர் மாமாவிடம் கையெழுத்து வாங்கினால் அது எதற்கு உதவும்?

நியமனம் கிடைத்தபின் எல்லையை மறந்துவிடுகிறார்கள். சான்றிதழில் எந்தப் பகுதி எழுதியிருக்கிறதோ அங்கேதான் உங்கள் சீல் செல்லும். அந்த சீலுக்கும் அளவு உண்டு: 5 செ.மீ. விட்டமுள்ள வட்டம். அதில் பெயர், பகுதி, பதிவு எண், நியமித்த அரசு எல்லாம் இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர் கையில் இருக்கும் அச்சில் ஏதோ ஒன்றை வெட்டித் தருவார். அளந்து பார்த்து வாங்குங்கள்.

சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும் மனுவை காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்று. ஸ்டாம்ப் பேப்பரில் கல்யாணம் எழுதி வந்து, “ஒரு சீல் போடுங்க சார்” என்பார்கள். நோட்டரி திருமண அதிகாரி அல்ல. திருமணத்துக்கோ விவாகரத்துக்கோ பத்திரம் தயாரித்து அத்தாட்சி செய்வது ஒழுங்கீனம் என்று 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் எழுத்திலேயே சொல்லிவிட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்களை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடுங்கள்.