ஈஸ்ட் அமினோ அமிலத்தை உள்ளே இழுக்கும் விதம்: அடுப்படிச் சோதனை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4 படிக்கும் என் அக்காள் மகளுக்குச் செல் சவ்வுப் பாடம் பிடிபடவில்லை. அவளுக்காகச் செய்த சோதனை இது. புரதங்களின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலம் ஈஸ்ட் செல்லுக்குள் போவதைப் பார்க்க ஆய்வகம் வேண்டும். அதை உள்ளே தள்ளும் விசையை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இரண்டு குவளைகளில் தலா 100 மில்லி வெதுவெதுப்பான நீர், ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ். சீனியும் போதும், ஆனால் ஈஸ்ட் அதை முதலில் உடைக்க வேண்டும் என்பதால் எனக்குக் குளுக்கோஸ் மாவே பிடிக்கும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் காப்பி வடிகட்டும் துணியில் வடியுங்கள்.

வடித்த நீரின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, நிறத்தால் காட்டும் நிறங்காட்டிக்குச் சங்குப்பூவை நாடாதீர்கள். வேலியில் சும்மா கிடைக்கும், உண்மைதான். ஆனால் புளிப்பு நன்றாக ஏறும்வரை அது நீலமாகவே நிற்கும். இரவுச் சந்தையில் சிவப்பு முட்டைக்கோஸ் வாங்கி வேகவைத்த நீரை எடுங்கள்.

இனிதான் கவனம் தேவை. நொதிக்கும் ஈஸ்ட் கரியமில வாயுவையும் விடும். அதுவும் நீரில் கரைந்து புளிப்பேற்றும். ஆகவே வடித்த நீரைச் சுடுநீர்க் கிண்ணத்தில் வைத்து, நன்றாகக் கலக்கி வாயுவை விரட்டிய பிறகே முட்டைக்கோஸ் நீரை ஊற்றுங்கள். அப்போதும் குளுக்கோஸ் குவளையே அதிகமாக இளஞ்சிவப்புக்குச் சாயும். ஈஸ்ட் வெளியேற்றும் கரிம அமிலங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் முக்கியமான ஆள் பி.எம்.ஏ.1 என்ற புரதம். குளுக்கோஸிலிருந்து கிடைத்த ஏ.டி.பி.யை (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவழித்து, நீருக்குப் புளிப்பேற்றும் புரோட்டான்களை வெளியே தள்ளுவது அதன் வேலை.

வெளியே குவிந்த புரோட்டான் உள்ளே திரும்பப் பார்க்கும். கடத்திப் புரதங்கள் அதற்கு வழிவிடும்போது ஓர் அமினோ அமிலத்தையும் கூடவே உள்ளே சேர்த்துவிடுகின்றன. உள்ளே ஏற்கெனவே அந்த அமினோ அமிலம் அதிகமாக இருந்தாலும் இது நடக்கும். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒரு கடத்தி உண்டு: கேன்1 அர்ஜினினுக்கு, லிப்1 லைசினுக்கு, டாட்2 டிரிப்டோஃபேனுக்கு. கேப்1 ஏறத்தாழ எல்லாவற்றையும் ஏற்கும். ஆனால் அம்மோனியம் போன்ற நல்ல நைட்ரஜன் கிடைத்துவிட்டால், செல் கேப்1 மீது யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை முத்திரையாகக் குத்திச் சவ்விலிருந்து உள்ளே இழுத்து, வெற்றறையில் (செல்லுக்குள் இருக்கும் சிதைக்கும் பை) சிதைத்துவிடும். எனக்கு இந்தக் கறார்த்தனம்தான் பிடித்த பகுதி.

பின்சேர்க்கை: கிந்தா பள்ளத்தாக்கு வாசகர் ஒருவருக்குக் கிணற்று நீரில் நிறமே மாறவில்லை. சுண்ணாம்புப் பாறைப் பக்கத்து நீரில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தை விழுங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரை வாங்கிச் செய்யுங்கள்.