கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) ஆபீசர் ஆகணுமா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

முதல் தப்பு பரீட்சையிலயே ஆரம்பிச்சிடுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ரெண்டு வருஷம் சிஏபிஎஃப்-க்கு, அதாவது பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் மாதிரி மத்திய ஆயுதப் போலீஸ் படைகளுக்கான பரீட்சைக்கு படிச்சான், கமாண்டன்ட், டிஐஜி, ஐஜின்னு பதவிப் பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கறதால அந்த வழியா கோஸ்ட் கார்டுக்குப் போயிடலாம்னு நெனச்சிட்டான், பாவம். கோஸ்ட் கார்டு உள்துறைக்குக் கீழ வராதுங்க, பாதுகாப்பு அமைச்சகம். ராணுவம், கடற்படை, விமானப்படைக்கு ஆபீசர் எடுக்கற சிடிஎஸ் பரீட்சை வழியாவும் போக முடியாது. அவங்களே தனியா சிஜிகேட்னு ஒரு நுழைவுத் தேர்வு நடத்தி அசிஸ்டென்ட் கமாண்டன்ட்டா எடுக்கறாங்க, ட்ரெய்னிங் கேரளாவுல இருக்கற எழிமலை நேவல் அகாடமில தொடங்கும்.

அப்புறம் கண்ணு. கலர் சரியா தெரியலன்னா ராத்திரி கடல்ல எதிர்ல வர்ற கப்பலோட செவப்பு, பச்சை விளக்கை வெச்சு அது எந்தப் பக்கம் போகுதுன்னு எப்படி சொல்லுவீங்க? நிறைய பேர் எழுத்து, இன்டர்வியூ எல்லாம் தாண்டி மெடிக்கல்ல வந்து நிக்கறாங்க. அப்ளை பண்றதுக்கு முன்னாடியே கண் டாக்டரைப் பாத்துடுங்க.

செலக்‌ஷன் போர்டுல மங்கலா ஒரு படத்தைக் கொஞ்ச நேரம் காட்டி கதை எழுத சொல்லுவாங்க. கோச்சிங்ல மனப்பாடம் பண்ண கதைய எந்தப் படத்துக்கும் ஒட்ட வெக்காதீங்க, படத்துல என்ன இருக்கோ அத எழுதுங்க.

ஆனா உள்ள போனதுக்கு அப்புறம் பண்ற தப்புதான் எனக்கு ரொம்ப வருத்தம். தோள்ல பட்டை வந்ததும் பிரதான் அதிகாரிய அலட்சியமா பாக்கறது. பேர்ல அதிகாரின்னு இருந்தாலும் அவர் ஆபீசர் இல்ல, நாவிக்கா, அதாவது சாதாரண மாலுமியா சேர்ந்து படிப்படியா மேல வந்தவர், இன்ஜின் சத்தம் மாறுனாலே எங்க கோளாறுன்னு சொல்லிடுவார். அவருக்கு ஆர்டர் போடற எடத்துல நீங்க இருக்கீங்க, சரி, ஆனா முதல் ஒரு வருஷம் அவர்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டா பின்னாடி ஒரு கப்பலையே உங்க கைல குடுக்கும்போது தடுமாற மாட்டீங்க.

இன்னொண்ணு, வாந்தி வருது, குடும்பம் இருக்குன்னு சீக்கிரமே கரை போஸ்டிங் தேடறது. கொமட்டல் பல பேருக்கு நாள் ஆக ஆகப் பழகிடும். ஜெனரல் டியூட்டி, அதாவது கப்பல் நடத்தற பிரிவு ஆபீசருக்கு கப்பல் கமாண்ட் பண்ண அனுபவம்தான் பிரமோஷன் போர்டுல பேசும். 1984ல சேர்ந்து 2019ல கோஸ்ட் கார்டோட தலைவர், அதாவது டைரக்டர் ஜெனரல் ஆன கிருஷ்ணசாமி நடராஜனை எடுத்துக்கோங்க, சின்ன கப்பல்ல இருந்து பெரிய ரோந்துக் கப்பல் வரைக்கும் கமாண்ட் பண்ணவர், 35 வருஷம் ஆச்சு அந்த எடத்துக்கு வர. குறுக்கு வழியே இல்ல.

கடைசியா மீனவர்கள். ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கற மண்டபம் ஊர்ல போஸ்டிங் வந்தா ஆழம் கம்மியான பாக் கடல்ல ஹோவர்கிராஃப்ட் (காத்து மெத்தை மேல மிதந்து போற வண்டி) ஓட்டுவாங்க, இலங்கையோட கடல் எல்லைக்கோடு பக்கத்துலயே இருக்கும். விசைப்படக நிறுத்துனதும் அதட்டறதோட நிப்பாட்டிடற ஆபீசர்கிட்ட அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அதே எடத்துல கச்சான் காத்து எப்படிண்ணே இருக்கு, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கேட்டுப் பாருங்க, சந்தேகமா ஒரு படகு போனா கோஸ்ட் கார்டு ஹெல்ப்லைன் 1554க்கு மொதல்ல போன் பண்றது அவங்களாத்தான் இருப்பாங்க.