சீசன் பட்டியல் போடும்போதே நடந்துவிடும் தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழக நாடகத் துறைகள் ஆண்டுதோறும் ஒரு ‘சீசன்’ நடத்துகின்றன. பல இடங்களில் இலையுதிர் பருவத்தில் இரண்டு, வசந்த பருவத்தில் இரண்டு என்று நாடகங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று பெரும்பாலும் பாட்டும் நடனமும் சேர்ந்த மியூசிக்கல். காட்சி சொதப்பினால் நடிகர்களையோ இயக்குநரையோ குறை சொல்கிறோம். ஆனால் பெரும்பாலான கோளாறுகள், முந்தைய கல்வியாண்டில் பட்டியல் போட உட்கார்ந்த கூட்டத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

முதல் தவறு, உரிமம் கைக்கு வருமுன் சுவரொட்டி அடிப்பது. மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் போன்ற நிறுவனங்கள்தான் மேடையேற்றும் உரிமத்தைத் தருகின்றன. விண்ணப்பம் அனுப்பியாயிற்று என்பதற்காக உரிமம் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பக்கத்து ஊருக்குத் தொழில்முறைக் குழு அதே நாடகத்தோடு வருகிறது என்றால் உங்களுக்கு மறுக்கப்படலாம். இருக்கைகள், டிக்கெட் விலை, காட்சிகளின் எண்ணிக்கை இவற்றையெல்லாம் பார்த்துத்தான் கட்டணமும் போடுகிறார்கள். அதனால் பெரிய அரங்கில் பாதிக் கூட்டத்தோடு நடத்துவதைவிடச் சின்ன அரங்கில் நிறைத்து நடத்துவதே பல நேரம் கட்டுப்படியாகும்.

‘பழைய நாடகம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்’ என்பது இன்னொரு பொறி. ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் 1904-இல் இறந்தார். அவருடைய ரஷ்ய மூலத்துக்கு இன்று ராயல்டி கிடையாது. ஆனால் மாணவர்கள் பேசப்போவது ஆங்கில மொழிபெயர்ப்பை. அது அண்மையில் செய்த மொழிபெயர்ப்பு என்றால், மொழிபெயர்த்தவரிடம் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது நடிகர் தேர்வு. பெரிய சங்கடங்கள் வருவது இங்கேதான். 2015-இல் பென்சில்வேனியாவின் கிளேரியன் பல்கலைக்கழகம் ‘ஜீசஸ் இன் இந்தியா’ என்ற நாடகத்தை எடுத்தது. இந்தியப் பாத்திரங்களுக்கு வெள்ளையின மாணவர்களைப் போட்டிருப்பது நாடகாசிரியர் லாயிட் சூவுக்குத் தெரிய வந்தது. அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். மேடையேறச் சுமார் ஒரு வாரம் இருந்தபோது நாடகம் நின்றுபோனது. வளாகத்தில் ஆசிய மாணவர்கள் மிகக் குறைவு என்பது பல்கலைக்கழகத் தரப்பு சொன்ன விளக்கம். அதே ஆண்டு ஓஹயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், கட்டோரி ஹால் எழுதிய நாடகத்தில் மார்ட்டின் லூதர் கிங்காக வெள்ளையர் ஒருவர் நடித்தார். அதற்குப் பிறகு, பாத்திரங்களுக்குக் கறுப்பினத்தவரையே போட வேண்டும் என்று உரிமத்திலேயே ஹால் நிபந்தனை சேர்த்துவிட்டார்.

இரண்டிலும் நாடகாசிரியர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. கிளேரியனில் வாரக்கணக்காக ஒத்திகை பார்த்த மாணவர்களை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. நடிக்க ஆள் இல்லை என்பது பட்டியல் போடும்போதே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2023-இல் நடந்தது இதற்கு நேர் எதிர். மறைந்த ஐரிஷ் நாடகாசிரியர் பெக்கெட்டின் ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’வில் ஆண்களே நடிக்க வேண்டும் என்பது அவருடைய வாரிசுரிமைத் தரப்பின் நிபந்தனை. மாணவர் குழு அதை மதித்து ஆண்களை மட்டும் ஆடிஷனுக்கு அழைத்தது. எல்லாரையும் சமமாகச் சேர்க்க வேண்டும் என்ற தன் கொள்கைக்கு அது ஒத்துவராது என்று பல்கலைக்கழகக் கலை மையம் நாடகத்தை ரத்துசெய்தது. ஆக, உரிம நிபந்தனை, வளாக விதி, கையில் இருக்கும் மாணவர்கள் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே நாடகத்தை முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் ஆடிஷனுக்கு முன்பே நாடகாசிரியரின் முகவருக்கு எழுதிக் கேட்டுவிடலாம். துறை மாணவர்களோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். பல இடங்களில் ஆடிஷன் வளாகம் முழுவதற்கும் பொது. கம்ப்யூட்டர் படிக்கப் போன நம் பிள்ளைகளும் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

மியூசிக்கலைப் ‘பாட்டு வைத்த நாடகம்’ என்று நினைத்து நாள் ஒதுக்குவதும் தவறு. இசை இயக்குநர், நடன இயக்குநர், நாடக இயக்குநர் மூவருமே ஒத்திகை நேரம் கேட்பார்கள். பாடகர்களும் வாத்தியக் குழுவும் முதல்முறை சேர்ந்து உட்கார்ந்து முழுவதையும் பாடிப் பார்க்கத் தனியாக ஒரு நாள் வேண்டும். சிட்ஸ்ப்ரோப என்பார்கள். அதைச் சுருக்கினால் முதல் காட்சி அன்று மேடையில் ஒரு தாளம், கீழே ஒரு தாளம். உச்ச ஸ்தாயி எட்டவில்லை என்று சுருதியை இறக்குவது, நீளமாக இருக்கிறது என்று ஒரு பாட்டை வெட்டுவது, ஒரு கெட்ட வார்த்தையை மாற்றுவது எதற்குமே எழுத்து அனுமதி வேண்டும். வீடியோ எடுக்கவும் நேரலை செய்யவும் உரிமம் தனி.

விளக்கு, ஒலி எல்லாவற்றையும் மேடையில் சேர்த்துப் பார்க்கும் டெக் வாரத்தில் இரண்டு நாளைக் குறைத்து அதை நடிப்பு ஒத்திகைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த நாட்களில்தான் ஸ்டேஜ் மேனேஜராக இருக்கும் மாணவி ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு “லைட் 42, சவுண்ட் 18, ஸ்டாண்ட்பை” என்று சொல்லிக் காத்திருப்பாள். நடிகர் கதவின் கைப்பிடியைத் தொட்டதும் “கோ” என்பாள். விளக்கு அரை நொடி தாமதமாக அணைந்தால், நிறுத்தி, கதவிலிருந்து மறுபடியும். வேறு எதற்கும் ஹெட்செட்டில் ‘கோ’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. விளக்குப் பலகையில் இருப்பவர் பொத்தானை அழுத்திவிடுவார். இந்தப் பழக்கம் கை வர நாள் பிடிக்கும்.

அலமாரியில் பழைய வயர்லெஸ் மைக்குகள் கிடந்தால் அலைவரிசையைப் பாருங்கள். 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பகுதி செல்பேசி நிறுவனங்களுக்குப் போய்விட்டது. 2020 ஜூலைக்குப் பிறகு அமெரிக்காவில் அந்த மைக்குகளைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். புதிது வாங்குவதற்கான செலவை மியூசிக்கலின் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், இசைப் புத்தகங்கள் வாடகைக்கு வருபவை. காட்சிகள் முடிந்ததும் வாத்தியக்காரர்கள் எழுதிய குறிப்புகளையெல்லாம் அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தண்டம் கட்ட நேரிடும். முதல் ஒத்திகையிலேயே பேனாக்களை வாங்கி வைத்துக்கொண்டு எல்லார் கையிலும் பென்சிலைக் கொடுத்துவிடுங்கள்.