காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போகும் நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பிள்ளை, பத்து மணிக்கு முற்றத்தில் ஓடி விளையாடுகிறதா? உடனே "நடிப்பு" என்று ஏசிவிடாதீர்கள். பயத்தில் அட்ரினலின் சுரக்கும்போது குடலின் அசைவே மாறுகிறது. வலி மெய்யான வலிதான். காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, நித்திரையில் எழுப்பும் வலி இருந்தால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.

அவை இல்லையென்றால் வீட்டில் மறிக்க வேண்டாம். நின்றால் வலி போய்விடும், உண்மைதான். ஆனால் போகாவிட்டால்தான் தப்பலாம் என்று மூளை படித்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை இன்னும் கஷ்டம். "ஒண்டும் நடக்காது" என்பதை நூறுதரம் சொன்னாலும் பிள்ளை நூற்றியோராம் தரமும் கேட்கும். அதற்குப் பதில், "பயமா இருக்கு எண்டு தெரியுது மனே. கேற் மட்டும் நான் வாறன், அங்கால டீச்சர் நிப்பா" என்று சொல்லுங்கள். கேற்றடியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இழுபட்டால் அழுகை கூடும்.

மூச்சை இரவிலேயே பழக்குங்கள்: மூக்கால் 3 எண்ணும்வரை இழுத்து, சுடு தேத்தண்ணியை ஆற்றுவதுபோல் 5 எண்ணும்வரை ஊத வேண்டும், ஐந்து தரம். அழுகையின் உச்சத்தில் புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் எடுபடாது.

5ஆம் தரப் பிள்ளையென்றால் புலமைப்பரிசில் பரீட்சைப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்திலாவது நிறுத்துங்கள். ரியூசனால் வந்ததும் "எத்தனை மார்க்ஸ்?" என்பதுதான் பல வீடுகளில் முதல் கேள்வி!

இரண்டு கிழமையாகியும் பள்ளிக்கூடம் போக மறுத்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.