விளக்கு எரியாத தோல் பை: லைனிங் வழியாகப் பழுது பார்ப்பது

திறந்தால் தானே விளக்கெரியும், போனுக்குப் போடுவதுபோல் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று விற்கிற விலையுயர்ந்த கைப்பைகளில் விலை முழுக்கத் தோலுக்கும் தையலுக்கும்தான். உள்ளே இருக்கும் மின்சாமான் சில நூறு ரூபாய் பெறும். அதனால் பழுது பார்ப்பவர் முதலில் காப்பாற்ற வேண்டியது தோலை. உள்ளே தைத்த லைனிங் துணி கிழிந்தால் ஒட்டுப் போடலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடவே மூடாது.

பிரிக்காமலே இரண்டு சோதனை செய்யுங்கள். அடிப்பக்கத்தை விரலால் அழுத்தும்போது தலையணைபோல் மெத்தென்று இருந்தால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி (செல்) உப்பிவிட்டது. அதற்கு மேல் சார்ஜ் போடக் கூடாது. உப்பவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய செவ்வக முனையிலிருந்து (யுஎஸ்பி-ஏ) சி முனைக்குப் (யுஎஸ்பி-சி) போகும் கேபிளில் சார்ஜ் ஏறி, இரு பக்கமும் சி இருக்கும் கேபிளில் ஏறாவிட்டால் செல்லில் கோளாறில்லை. சாக்கெட்டின் சிசி1, சிசி2 கால்களிலிருந்து கிரவுண்டுக்கு (நெகட்டிவ் பக்கம்) தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அவை இல்லாவிட்டால் எதிரே பை இருப்பதே சார்ஜருக்குத் தெரியாது, 5 வோல்ட்டும் வராது. இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவதும் தவறு. சில கேபிள்களில் அது வேலை செய்யாது.

உள்பாக்கெட்டின் அடித்தையலில் 8 முதல் 10 செ.மீ. மட்டும் சீம் ரிப்பரால் பிரியுங்கள். கை நுழைய அது போதும். பசை போட்டு ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வையுங்கள். ஹாட் ஏர் கன் பட்டால் தோல் சுருங்கிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் சாயத்தையும் எடுக்கும், ஆகவே வெளியே தெரியாத மூலையில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்துதான் சாலிடர் செய்ய வேண்டும், பைக்குள் வைத்து ஒருபோதும் கூடாது.

புதுச்சேரிபோன்ற கடலோர ஊர்களின் போர்டுகளில் முதலில் கண்ணில் படுவது பச்சைப் பூப்பு. உப்புக் காற்றின் ஈரம் படியும் இடத்தில் எப்போதும் மின்னழுத்தம் இருந்தால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்புதான் கரையும். அதனால் செல்லின் பாசிட்டிவ் சேரும் பி+ புள்ளியையும் அதில் சேரும் சிவப்பு ஒயரையும் முதலில் பாருங்கள். ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்த பிறகும் செம்பு கருத்திருந்தால் போர்டையே மாற்றிவிடுவது மேல்.

மாற்றுப் போர்டுக்கு டிபி4056 என்ற சார்ஜிங் போர்டு போதும், பாதுகாப்புச் சில்லு உள்ளதாக வாங்குங்கள். சென்னையில் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போகிறவரிடம் சொல்லி வைத்தாலும் கிடைக்கும். ஆனால் வாங்கியபடியே பொருத்தக் கூடாது. அதில் '122' என்று எழுதிய 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1 ஆம்பியர் விடும். பையில் இருக்கும் 500 எம்ஏஎச் செல்லுக்கு அது இரட்டிப்பு, சீக்கிரமே உப்ப வைக்கும். அங்கேயும் 5.1 கிலோ ஓம் போட்டால் சுமார் 235 மில்லி ஆம்பியர்தான் போகும். ஆக, சாக்கெட்டுக்கு இரண்டும் இங்கே ஒன்றுமாக இந்த வேலைக்கு மொத்தம் மூன்று 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும்.

செல்லின் மேல் 503035 என்றிருந்தால் 5 மி.மீ. தடிமன், 30 அகலம், 35 நீளம். பழைய எண்ணையே கேளுங்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் லைனிங் புடைத்துத் தெரியும். செல்லின் முனைகளில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். உப்பிய செல்லைக் குத்தாமல், முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் ஈரமும் இருக்கும். புது செல்லை இணைத்ததும் அவுட் முனையில் 0 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம். பாதுகாப்புச் சில்லு தூங்குகிறது, ஒரு முறை சார்ஜர் சொருகினால் விழிக்கும்.

விளக்குச் சுவிட்சைப் புதிதாகவே அமைத்துக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கும், காந்தத்தை உணரும் ஏ3144 ஹால் சென்சாருக்கு 4.5 வோல்ட் வேண்டும் என்பதால் இந்த செல்லுக்கு ஆகாது. காந்தம் அருகில் வந்தால் இணையும் கண்ணாடிக் குழாய்ச் சுவிட்சான ரீட் சுவிட்ச் வாங்குங்கள். மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் ஏஓ3400 மாஸ்ஃபெட்டின் கேட் காலை 1 மெகா ஓம் வழியாகப் போர்டின் அவுட்+க்கு இழுத்து, கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ரீட்டை வையுங்கள். சோர்ஸ் கால் கிரவுண்டுக்கு, டிரெயின் கால் எல்இடியின் நெகட்டிவுக்கு. பை மூடியிருக்கும்போது மூடியின் காந்தம் ரீட்டை இணைத்துவிடும், கேட் 0 ஆகும், விளக்கு அணையும். அப்போது செலவு 4 மைக்ரோ ஆம்பியர்தான். ஒவ்வொரு வெள்ளை எல்இடிக்கும் தனியாக 47 ஓம் போடுங்கள். ரீட்டின் கண்ணாடி உடையாமலிருக்க, காலை மடக்கும்போது கண்ணாடிக்கும் மடிப்புக்கும் நடுவில் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பை பாதி திறந்தபடி அலமாரியில் கிடந்தால் இரவெல்லாம் எரியும். அதைத் தடுக்க நடுவில் ஏடிடைனி85 என்ற சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லை வைத்து 60 நொடியில் அணையச் செய்யலாம். இங்கே பலரும் சறுக்குவது சில்லின் உள் புல்-அப்பை (காலைப் பாசிட்டிவ் பக்கம் இழுக்கும் உள் ரெசிஸ்டர்) இயக்கிவிடுவதில். பை மூடியிருக்கும் நேரமெல்லாம் அது 100 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும், சில மாதத்தில் செல் காலி. வெளியே அதே 1 மெகா ஓம் வையுங்கள். சில்லு தூங்கப் போகும் முன் அதன் மின்னழுத்தம் அளக்கும் ஏடிசியையும், மின்னழுத்தம் குறைகிறதா என்று கண்காணிக்கும் பிரவுன்-அவுட்டையும் நிரலில் அணைத்துவிடுங்கள்.

மடிப்பில் போகும் ஒயர் சிலிகான் உறை போட்ட 28 கேஜாக இருக்கட்டும், பிவிசி ஒயர் அங்கேதான் முறியும். போர்டுக்குத் தெளிவான அக்ரிலிக் லேக்கர் அடியுங்கள், சாக்கெட்டின் வாயில் மட்டும் படக் கூடாது.

தைக்கும்போது பழைய ஓட்டைகளிலேயே பாலியெஸ்டர் நூல் கோத்து இரட்டை ஊசித் தையல் போடுங்கள். 1978 முதல் ஹைடிசைன் நிறுவனம் தோல் பை செய்யும் ஊர் புதுச்சேரி, இதற்குக் கை பழகியவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். கடைசி 3 செ.மீ. மட்டும் திறந்தே இருக்கட்டும். ஒரு முழு சார்ஜ் ஏற்றி, செல்லில் 4.2 வோல்ட் பார்த்து, சூடு இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகு முடிச்சுப் போடுங்கள்.